தர்ஷினி வெள்ளையாக விட்ட இடம்

தேவதர்ஷினிக்குச் சால்வை போர்த்தியபோது புயல் பாதுகாப்பு மையமே கைதட்டலில் அதிர்ந்தது. பின்வரிசையில் யாரோ விசிலடித்தார்கள். பழவேற்காட்டை ஒட்டிய அந்தக் குப்பத்திலிருந்து ஐரோப்பாவுக்குப் படிக்கப் போய்வந்த முதல் பெண் அவள்.

ஆனால் அது பாராட்டு விழா அல்ல. துறைமுகத்துக்கான கருத்துக் கேட்புக் கூட்டம்.

துறைமுகத்தை இனி யாராலும் தடுக்க முடியாது என்று ஊருக்குத் தெரிந்து ஒரு வருடமாயிற்று. உண்ணாவிரதம் இருந்தார்கள். படகுகளில் கறுப்புக் கொடி கட்டினார்கள். கோர்ட்டுக்கும் போய்த் தோற்றார்கள்.

மிச்சமிருந்த கேள்வி ஒன்றுதான். கடலுக்குள் போடப்போகும் அலைத்தடுப்புச் சுவர் எந்த இடத்தில் வரும்? அது வருகிற இடத்தில் அப்புறம் வலை விட முடியாது. முதலில் போட்ட திட்டப்படி சுவர் தெற்கே, ஊர்ப் படகுகள் அத்தனையும் தொழில் செய்கிற இடத்தில் வர இருந்தது.

சென்னையில் சிவில் இன்ஜினியரிங் மூன்றாம் வருடம் படித்துக்கொண்டிருந்த தர்ஷினி, போன கோடையில் எட்டு வாரம் நெதர்லாந்தில் இருந்தாள். கூடப் படித்தவர்கள் சனி, ஞாயிறானால் ரயிலேறி ஊர் ஊராகச் சுற்றினார்கள். அவளும் பாரிஸ் போனாள். ஈபிள் கோபுரத்தடியில் நின்று வீட்டுக்குப் படம் அனுப்பினாள்.

இன்னொரு ஞாயிற்றுக்கிழமை, கடலை அணை கட்டி அடைத்துவிட்ட பழைய மீனவர் ஊர் ஒன்றுக்குப் போனாள். அங்கே படகுகள் இருந்தன. பெயின்ட் அடித்து, உள்ளே பூந்தொட்டி வைத்து, கரைமேல் நின்றன. கடைக்கு மீன் வேறு ஊரிலிருந்து லாரியில் வருகிறது என்றார்கள். திரும்பும்போது ரயிலிலேயே ஊர்க் கடலின் வரைபடத்தைத் திறந்துவைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையே அப்பாவை வீடியோவில் கூப்பிட்டாள். ஊரில் அப்போது உச்சிவெயில். அப்பா அங்கமுத்து கரையில் உட்கார்ந்து வலையில் சிக்கிய பாசியைப் பிய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இன்னொரு படகுக்காரரான மாசிலாமணி மாமா. மற்றவர்கள் வெறும் வலையோடு திரும்பும் நாளிலும் அப்பா படகில் மட்டும் மீன் இருப்பது எப்படி என்று கேட்டுக்கொண்டே இருப்பவர்.

"நைனா, சுவரு எப்படியும் வந்துரும். மீனு இல்லாத எடமா பாத்துப் போடுங்கனு எழுதப்போறேன். எங்கெங்க மீனு கீதுனு ஒண்ணொண்ணா சொல்லு."

அங்கமுத்து சொன்னார். அவர் விட்டதை மாசிலாமணி எடுத்துக் கொடுத்தார். தெற்கே மட்டும் பதினோரு இடம். ஒவ்வொன்றிலும் சிவப்புப் புள்ளி வைத்துக்கொண்டே வந்தாள்.

"லைட்டவுசுக்கு நேர் கிழக்கால?"

மாசிலாமணி கைவேலையை நிறுத்திவிட்டு அப்பாவின் முகத்தைப் பார்ப்பது திரையில் தெரிந்தது.

"அங்க இன்னா கீது? வெறும் சேறு," என்றார் அங்கமுத்து. "வலைதான் நாசமாவும். ஒரு மீனு ஏறாது."

"நல்லாத் தெரியுமா நைனா?"

"முப்பது வருசமா கடலுக்குப் போறவன் சொல்றேன். எழுதிக்கோம்மா."

எழுதிக்கொண்டாள். வரைபடத்தில் அந்த இடம் மட்டும் வெள்ளையாக நின்றது. சுவரை அங்கே நகர்த்தினால் மீனவர்களுக்குச் சேதமில்லை என்று இருபது பக்கம் எழுதினாள். அங்கிருந்த பேராசிரியர் அதைப் படித்துவிட்டு, துறைமுகத்துக்குத் திட்டம் போடும் பொறியாளர்களுக்கே அனுப்பிவைத்தார்.

அதற்குப் பதில் இன்றைக்குத்தான் கிடைத்தது.

"சுவரை லைட் ஹவுசுக்கு நேர் கிழக்கே மாத்தியாச்சு," என்றார் மேடையிலிருந்த அதிகாரி. "உங்க ஊர்ப் பொண்ணு எழுதினதை அப்படியே எடுத்துக்கிட்டோம். இனி இதுல மாற்றம் கிடையாது. சம்மதம்னா கை தூக்குங்க."

ஊரே தூக்கியது. மாசிலாமணி இரண்டு கையையும் தூக்கினார்.

"எல்லாமே பூடும்னு இருந்தோம்மா," என்று கீழேயிருந்து தர்ஷினியைப் பார்த்துக் கத்தினார். "உன்னால கஞ்சிக்காவது மிஞ்சுச்சு!"

தர்ஷினி அப்பாவைத் தேடினாள். மூன்றாம் வரிசையில் இருந்தார். முன்னாலிருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். பக்கத்து இருக்கைக்காரர்கள் அவர் முதுகில் தட்டிக்கொடுத்தார்கள். மறுபடி உட்கார்ந்துவிட்டார். கண் நிறைந்திருந்தது. பெற்றவருக்குப் பெருமை இருக்கத்தானே செய்யும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அதிகாரி கையெழுத்துப் போட்டார். காகிதங்களைக் கட்டிக்கொண்டு ஜீப்பில் ஏறிப் போனார்.

கூட்டம் கலைந்த பிறகும் அங்கமுத்து எழுந்திருக்கவில்லை. தர்ஷினி இறங்கி வந்து அந்தச் சால்வையை அவர் தோளில் போட்டாள்.

"இன்னா நைனா, ஊரே கை தூக்குச்சு. நீ மட்டும் தூக்கல?"

வாசலில் மாசிலாமணி செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். அவர் மாட்டிக்கொண்டு வெளியே போகும்வரை அங்கமுத்து அந்தப் பக்கமே பார்த்திருந்தார். அப்புறம் மகளுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்:

"மீனே அங்கதான் கண்ணு கீது."