பாதியிலேயே இறங்குறவன்

"பாரு, மறுபடியும் பாதியிலேயே இறங்கிட்டான்"னார் கார்னெட். வாயில இருந்த சூரியகாந்தி விதைத் தோலை காபி கப்புக்குள்ள துப்பினார்.

நாங்க ரெண்டு பேரும் ஒரு பெரிய ஐஸ் ஹாக்கி கிளப்புக்கு ஆள் பார்க்கறவங்க. அவர் சீனியர். நான் போன வருஷம்தான் சேர்ந்தேன். வருஷா வருஷம் கிளப்புங்க புதுப் பசங்களை வரிசையா எடுக்கற டிராஃப்ட் நெருங்கிடுச்சு, கடைசி ரவுண்டுக்கு இன்னும் ஒரு பேர் வேணும். அதுக்குத்தான் ஞாயித்துக்கிழமை மத்தியானம் கனடாவுல சஸ்காட்செவன் மாகாணத்துல ஒரு சின்ன ஊர் ஐஸ் ரிங்க்ல, வீரர்கள் பெஞ்சுக்கு நேர் மேல உட்கார்ந்திருந்தோம்.

பார்க்க வந்தது கோல்டன் ஃப்ரீசனை. பதினெட்டு வயசு, இடது பக்கம் ஆடறவன். நான்தான் நச்சரிச்சு கார்னெட்டை இழுத்துட்டு வந்தேன். என்னா வேகம் தெரியுமா அவன்!

ஆனா இன்னிக்கு மானத்தை வாங்கிட்டான்.

ஹாக்கில முக்கால் நிமிஷம் உயிரைக் குடுத்து ஆடிட்டு பெஞ்சுக்கு வரணும், அடுத்தவன் குதிப்பான். இவன் ஒவ்வொரு தடவையும் அதுல பாதி நேரத்துலயே வந்துடறான். கோச் கத்தறார். கேட்டாத்தானே?

அவன் இடத்துல குதிக்கறவன் எம்மெட்னு ஒரு பையன். ஒவ்வொரு தடவையும் குதிக்கறப்ப ஒரு கிண்டல் வேற. "என்ன தாத்தா, அதுக்குள்ள மூச்சு வாங்குதா?"

கோல்டன் இளிச்சுட்டுத் தண்ணி குடிக்கறான்.

"ஒண்ணு மூச்சு பத்தலை. இல்லேன்னா உடம்பு நோகாம ஆடறான்"னார் கார்னெட். "கூட ஆடறவனுக்காக ஒரு சொட்டு வேர்வை சிந்த மாட்டான் இவன். லிஸ்ட்ல இருந்து பேரை அடிச்சுடலாம்."

அந்த எம்மெட்தான் கலக்கினான். கிடைச்ச நேரமெல்லாம் பறந்து பறந்து ஆடினான். நெஞ்சைக் குடுத்து ஒரு ஷாட்டைத் தடுத்தான் பாருங்க, கார்னெட்டே நிமிர்ந்து உட்கார்ந்து, யாருடா அதுன்னு கேட்டார்.

கடைசிக் கட்டம். கோல்டன் டீம் ஒரு கோல் முன்னிலை. அந்த நேரம் பார்த்து எம்மெட் ஒருத்தன் காலைத் தட்டிவிட்டுட்டான். ரெண்டு நிமிஷம் பெனால்டி பெட்டிக்குள்ள உட்காரணும். எதிர்ல அஞ்சு பேர், இங்க நாலு பேர்.

கோல்டன் ஐஸுக்குள்ள குதிச்சான். எப்படா பெஞ்சுக்குத் திரும்புவான்னு பார்த்தா, திரும்பவே இல்லை. அந்த ரெண்டு நிமிஷமும் தனியாளா அஞ்சு பேரையும் சுத்தல்ல விட்டான். ஒருத்தனாலயும் ஒரு ஷாட் அடிக்க முடியலை. கார்னெட் கையில எடுத்த விதை வாய்க்கே போகலை.

ஆட்டம் ஜெயிச்சு முடிஞ்சதும் கார்னெட் என்னையும் இழுத்துட்டு நேரா கீழ போய், பையைத் தூக்கிட்டு வந்த கோல்டனை நிறுத்தினார்.

"இவ்வளவு ஆடத் தெரிஞ்சவன் மத்த நேரமெல்லாம் ஏன்டா பாதியில ஓடி வந்தே?"

"கால் வலி சார்."

"கதை விடாதே. உன் பேரை அடிக்கறதா வேண்டாமான்னு நான் முடிவு பண்ணணும்."

பையன் திரும்பிப் பார்த்தான். உடை மாத்தற ரூம்ல எம்மெட் சிரிக்கற சத்தம். குரலைத் தாழ்த்திக்கிட்டான்.

"நீங்கல்லாம் வர்றீங்கன்னு கோச் சொன்னார் சார். எம்மெட்டுக்கு இருபது வயசாச்சு, டிராஃப்ட்ல இதான் கடைசி வருஷம். எனக்கு அடுத்த வருஷமும் இருக்கு. நான் சீக்கிரம் வந்தாத்தானே அவன் போக முடியும்? கடைசில அவனே பெட்டிக்குள்ள போய் உட்கார்ந்துட்டான். வேற யாருக்கு விட?"

கார்னெட் மெதுவா, "உன் பேரை அடிக்கலை, போ"ன்னார்.

"எம்மெட் பேரு சார்?"

"அதையும் ஆபீஸ்ல சொல்றேன்."

நாங்க வாசலுக்கு வந்துட்டோம். கோல்டன் பின்னாலயே ஓடி வந்தான்.

"சார், அவன்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. எனக்கு மூச்சு பத்தலைன்னே அவன் நினைச்சுட்டு இருக்கட்டும்."