காய்ச்சல்காரிக்குத் தனித் தொட்டி

பட்டிக்குப் புதிதாக வந்த மயிலைப் பசுவுக்குக் காய்ச்சல். மூத்த பசு கொம்பழகி உடனே சட்டம் போட்டாள். "அவள் நம் தொட்டியில் வாய் வைக்கக் கூடாது. அவள் நிழல்கூட நம்மேல் படக் கூடாது."

"எனக்கு இது ஈக்கடியில் வந்தது, அக்கா" என்றாள் மயிலை. யாரும் காதில் வாங்கவில்லை. அவள் வேலியோரம் வெயிலில் போய் நின்றாள்.

அங்கே ஒரு மாட்டு ஈ அவள் கழுத்தைக் கடித்து இரத்தம் குடித்தது. அவள் தலையை உதறியதும், பாதி வயிற்றோடு பறந்து வந்து கொம்பழகியின் முதுகில் உட்கார்ந்தது. அதன் வாயில் இரத்தம் இன்னும் காயவில்லை.

"நீங்கள் இருப்பதால்தான் அம்மா, இந்தப் பட்டி சுத்தமாக இருக்கிறது" என்றது ஈ.

"உனக்காவது புரிகிறதே" என்ற கொம்பழகி, ஓங்கிய வாலைத் தொங்கவிட்டாள். ஈ நிதானமாகக் கடித்தது.

இரண்டு வாரத்தில் கொம்பழகி காய்ச்சலில் படுத்துவிட்டாள். அவள் மகள் கிடாரி பக்கத்தில் வந்து, "அம்மா, உன் முதுகில் ஈ இருக்கு. விரட்டட்டுமா?" என்று கேட்டாள்.

"அது நம்ம ஆள்" என்று முனகினாள் கொம்பழகி. "நீ போய் அந்த மயிலையை இன்னும் தள்ளி நிற்கச் சொல்."

கிடாரி திரும்புவதற்குள் ஈ அவள் கழுத்துக்கு மாறியிருந்தது.