இன்னும் கொஞ்சம் முறுகட்டும்

"கல்லு மாதிரி இருக்கு! பல்செட் மாட்டியிருக்கிற மனுஷனுக்குக் குடுக்கிற பண்டமா இது?"

மகள் ஒரு குழல் பாஸ்தாவை எடுத்து மேஜையில் தட்டிக் காட்டினாள். டக் டக் என்றது. யாரோ வந்திருக்கிறார்கள் என்று எதிர்வீட்டுக்காரர் கதவைத் திறந்து பார்த்தார்.

மருமகள் தன் வேலையைப் பார்த்தாள். வேகவைத்து, துணியில் பரப்பி ஈரம் போக்கிய அடுத்த ஈடு பாஸ்தாவில் மிளகாய்த்தூளும் உப்பும் பிசிறி, ஏர் ஃபிரையரில் போட்டாள்.

"அப்பாவுக்கு எண்ணெய் ஆகாதேன்னு இந்த மெஷினை வாங்கிக் குடுத்தவ நான். அவர் பல்லைப் பேர்க்கிறதுக்கு இல்ல."

வாங்கிக் கொடுத்த கதையை ஒவ்வொரு முறை வரும்போதும் சொல்லிவிடுவாள். மெஷினுக்கு வாய் இருந்தால் அதுவும் கூடச் சேர்ந்து ஒப்பித்திருக்கும்.

ஹாலில், சாய்வு நாற்காலியில், பெரியவர் தட்டில் மிச்சமிருந்ததை மென்றுகொண்டிருந்தார். கறுக் முறுக். கறுக் முறுக். அந்தச் சத்தத்துக்கு ஜன்னல் புறாக்கள் குடும்பத்தோடு வேறு வீடு பார்த்துப் போய்விட்டன.

மனுஷனுக்கு முட்டி போயாச்சு, பல் போயாச்சு. போகாமல் நின்றது காது ஒன்றுதான். காலமெல்லாம் ரேடியோ ரிப்பேர் பார்த்த காது. பாம்புச் செவி. அடுத்த தெருவில் ஊசி விழுந்தால், புது ஊசியா, துருப்பிடித்த ஊசியா என்று இங்கிருந்தே சொல்லுவார். கொஞ்சம் குறைத்துத்தான் சொல்கிறேன்.

"அக்கா, வாயேன். இன்னிக்குப் பேசி முடிச்சுடலாம்." படுக்கையறையிலிருந்து மகன் கூப்பிட்டான்.

அப்பாவை இனிமேல் எங்கே வைத்துக்கொள்வது என்பதுதான் பேச்சு. மகனின் இந்த வீட்டில் இடம் பத்தாது. மகள் வீட்டில் மாடிப்படி ஏற முடியாது. ஞாயிற்றுக்கிழமை வந்தால் அக்காவும் தம்பியும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள்.

மருமகளுக்கு அந்த அறையில் நாற்காலி கிடையாது. "இது எங்க அப்பா விஷயம்" என்று முதல் நாளே சொல்லியாயிற்று. அவளும் தலையிடவில்லை. அவர்கள் கதவைச் சாத்தினால், இவள் ஏர் ஃபிரையரைத் திறப்பாள்.

"உள்ள நாங்க அவரை நெனச்சு மண்டையை உடைச்சுக்கிறோம். இங்க என்னடான்னா நொறுக்குத் தீனிக் கடை நடக்குது!" மகள் விடுவதாக இல்லை. மெஷினுக்குள் எட்டிப் பார்த்தாள். பாஸ்தா அப்போதுதான் நிறம் மாறத் தொடங்கியிருந்தது. "போதும், எடு."

"இன்னும் கொஞ்சம் முறுகட்டும், அண்ணி."

"எடுன்னா எடு!"

அவளே கூடையை உருவி வேறொரு தட்டில் கொட்டி, அப்பாவிடமிருந்த காலித் தட்டை வாங்கிக்கொண்டு இதை அவர் மடியில் வைத்தாள். "இதைச் சாப்பிடுங்கப்பா. பல்லுக்குப் பதமா இருக்கும்."

பெரியவர் தட்டைப் பார்த்தார். மருமகளைப் பார்த்தார். பிறகு ஒன்றை எடுத்து வாயில் போட்டார்.

சத்தமே இல்லை.

வீடு அடங்கிப்போனது. சமையலறைக் குழாய் சொட்டுவது கேட்டது. அதற்கப்புறம், சாத்திய கதவைத் தாண்டி, மகன் யாரிடமோ போனில் பேசுவது கேட்டது.

"இல்ல சார், உங்க முதியோர் இல்லத்துல அவரால ஒரு தொந்தரவும் இருக்காது. ஒரு மூலையில போட்டா, போட்ட இடத்துல கெடப்பார்... ஆமா சார், அக்காவும் சரின்னுட்டாங்க."

பெரியவரின் தாடை நின்றுவிட்டது. அவர் மகளை ஏறிட்டுப் பார்க்கவில்லை. தட்டில் எதையோ தேடுகிறவர் போல விரலால் துழாவிக்கொண்டிருந்தார்.

மகள் நாற்காலிப் பிடியைப் பற்றியபடி நின்றாள். உள்ளே அதே வார்த்தைக்குத் தலையாட்டியவள்தான். அப்பாவின் நாற்காலிப் பக்கம் நின்று கேட்டதில்லை.

மருமகள் டப்பாவோடு வந்தாள். முதல் ஈட்டில் எடுத்து வைத்த மிச்சம் அதில் இருந்தது.

"அண்ணி, இதுல ஒண்ணு வாயில போடுங்க."

"இப்ப இதுவா முக்கியம்?"

"போட்டு மெல்லுங்களேன்."

மகள் மென்றாள். கறுக் முறுக். தலைக்குள்ளே கல்லுடைக்கிற மெஷின் ஓடினாற்போல் இருந்தது. கதவு திறந்து தம்பி வாசலில் நின்றான். கை ஆடியது, வாய் அசைந்தது. ஒரு வார்த்தைகூடக் காதில் ஏறவில்லை.

மெல்லுவதை நிறுத்தினாள்.

"...எப்பக் கொண்டாந்து விடறீங்கன்னு கேக்கறாங்க. என்ன சொல்லட்டும், அக்கா?"

அக்கா மருமகளின் முகத்தையே பார்த்தாள்.

"சுருள் பாஸ்தா, சிப்பி பாஸ்தா எல்லாம் போட்டுப் பாத்துட்டேன், அண்ணி" என்றாள் அவள், மெதுவாக. "குழல்தான் நல்லா சத்தம் போடுது. அதுவும் கொஞ்சம் கூடவே முறுகணும்."

பெரியவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, மருமகள் பக்கம் தட்டை நீட்டினார்.

"இந்த மெத்துன்னு இருக்கிறது வேணாம்மா. அந்தக் கல்லுலேயே இன்னும் ரெண்டு கை போடு. இவங்க பேசி முடிக்கலை."