கிழக்கே தலைமாடு

வீரய்யா ஐந்தரைக்கு எழுந்தான். முன்னறையில் விரித்திருந்த பாயைச் சுருட்டிச் சுவரில் சாய்த்தான். பல் துலக்கினான். அடுப்பு மூட்டி, சீனி போடாத தேநீர் ஊற்றிக் குடித்தான். படுக்கையறைக் கதவுக்கு எதிரே ஆணியில் தொங்கிய கண்ணாடி முன் நின்று சவரம் செய்தான்.

ஞாயிற்றுக்கிழமை. முனிசிபல் ஆபீஸ் இல்லை. என்றாலும் டை கட்டினான். கட்டியபின் அவிழ்த்தான்.

ஏழு மணிக்கு, தெல்தோட்டையிலிருந்து முதல் பஸ்ஸில் அக்கா பேச்சியம்மா வந்து சேர்ந்தாள். கையில் ஒரு துணிமூட்டை.

பத்து மணிக்குக் கட்டுகஸ்தோட்டையிலிருந்து பெண் வீட்டார் வீடு பார்க்க வருகிறார்கள். வீடு என்றால் படுக்கையறை. இரண்டாந்தாரமாகப் பெண் கொடுக்கிறவர்கள் முதலில் அதைத்தான் பார்ப்பார்களாம். அக்கா சொன்னாள்.

பத்து மாதமாகச் சாத்தியிருந்த கதவைத் தள்ளித் திறந்தாள். ஜன்னலையும் திறந்தாள்.

"என்னடா இது, கிட்டங்கி மாதிரி கெடக்கு!"

அக்காவின் புருஷன் தோட்டத்துத் துரை பங்களாவுக்குச் சாமான் கொடுக்கிறவர். அந்த உறவில் துரைசாணியின் படுக்கையறையை அக்கா ஒரே ஒரு தடவை வாசலில் நின்று எட்டிப் பார்த்திருக்கிறாள். அன்றிலிருந்து அவள் அந்த விஷயத்தில் பண்டிதை.

பழைய சேலையை இரண்டாகக் கிழித்து ஜன்னலுக்குத் திரை போட்டாள். டிரங்குப் பெட்டியின் மேல் பூப்போட்ட துணியை விரித்தாள். இனி அது பெட்டி இல்லை, ஆசனமாம். தலையணை உறைக்குள் வெட்டிவேர் வைத்தாள். மூட்டைப்பூச்சிக்காகக் கட்டில் கால்களை மண்ணெண்ணெயால் துடைத்தாள். வெட்டிவேர் மணம் அத்தோடு செத்தது.

வேலியோரத்துக் காட்டுச் சூரியகாந்தியைப் பறித்து வந்து ஜாம் போத்தலில் சொருகினாள். தள்ளி நின்று பார்த்தாள். ஜாம் போத்தல் ஜாம் போத்தலாகவே இருந்தது.

வீரய்யா கதவுநிலையில் சாய்ந்து நின்றான். கல்லூரியில் அவன் நான்கு வருஷம் சரித்திரம் படித்தவன். கிழிந்த சேலையால் பிழைத்த ராஜ்யம் என்று ஒன்றை அவன் எங்கும் படித்ததில்லை.

"கடைசியா ஒண்ணுடா. இதுக்கு ஒரு சதம் செலவில்ல. கட்டிலத் திருப்பிப் போடு. தலமாடு கெழக்க, ஜன்னலுக்குக் கீழ. தொரசாணி அப்படித்தான் போட்டிருக்கா."

அவன் அசையவில்லை.

"என்னடா கல்லு மாதிரி நிக்கிற? படிச்ச கைக்குக் கட்டில் தூக்க வராதா?"

போய் ஒரு பக்கத்தைப் பிடித்தான். மாமனார் கொடுத்த கட்டில். கனக்கும் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தான்.

கனக்கவில்லை. கால்கள் ஒரு தடவை கிறீச்சிட்டன, கட்டில் திரும்பிவிட்டது. உதவிக்கு வர அக்கா முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டிருந்தாள். அதற்குள் முடிந்துவிட்டது. வெயில் தலையணையை விட்டுக் கால்மாட்டில் விழுந்தது.

"பாத்தியா, ரூமே வேற மாதிரி ஆயிருச்சு!"

அவன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பத்து மணிக்குப் பெண்ணின் தாய் சுந்தரியம்மாள் வந்தாள். திரையைத் தொட்டுப் பார்த்தாள். ஆசனத்தில் உட்கார்ந்தாள். அது பெட்டியின் குரலில் முனகியது. அறை லட்சணமாக இருக்கிறது என்றாள். ஆனால் எழுந்து வெளியே போகவில்லை.

வீரய்யாவின் மனைவி பாலாம்பிகை இந்த அறையில்தான் போனாள். போனவள் மனக்குறையோடு போயிருந்தால், வருகிறவளை வாழவிட மாட்டாள். சுந்தரியம்மாளின் பயம் அது. அது தீராமல் அவள் வெற்றிலை மாற்றப்போவதில்லை.

மலேரியா ஊரையே படுக்கப் போட்டிருந்த நாட்கள் அவை. பாலாம்பிகைக்குக் காய்ச்சல் வந்த மூன்றாம் நாள் அவன் ஆபீசுக்குப் போனான். பகல் பன்னிரண்டு மணிக்கு ஆபீசுக்கு ஆள் வந்து, உயிர் போய்விட்டது என்று அவனைக் கூட்டிப்போனான்.

இழவு வீட்டுப் பெண்கள், நீ புறப்படும்போது கடைசியாக என்ன சொன்னாள் என்று கேட்டார்கள். பதில் வாங்காமல் விட மாட்டார்கள். 'நல்லா இருங்கன்னு சொன்னா' என்றான். முப்பதாம் நாள் காரியத்துக்குள் அது 'இன்னொருத்தியக் கட்டிக்கிட்டு நல்லா இருங்க' என்று வளர்ந்துவிட்டது. தண்ணீர் ஊற்றியது அக்கா.

சுந்தரியம்மாள் அவன் பக்கம் திரும்பினாள்.

"தப்பா நெனைக்காதீங்க தம்பி. ஒங்க வாயால கேட்டுட்டா என் மனசு ஆறிடும். அவங்க கடைசியா என்னதான் சொன்னாங்க?"

அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு அவனைப் பார்த்தாள்.

"நல்லா இருங்கன்னு சொன்னா," என்றான் வீரய்யா. பத்து மாதத்தில் அது நன்றாகப் பழகியிருந்தது. நாக்கு எங்கும் தடுக்கவில்லை.

சுந்தரியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தங்கமான மனசு என்றாள். முன்னறையில் காத்திருந்த புருஷனிடம் நல்ல நாள் பார்க்கச் சொல்லப் போனாள். பின்னால் அக்கா வெற்றிலைத் தட்டோடு ஓடினாள்.

அவன் அறையில் தனியாக நின்றான். திறந்த கதவுக்கு வெளியே, எதிரே ஆணியில் கண்ணாடி. அவள் போன அன்று காலை ஏழரைக்கும் இதன் முன்தான் நின்றான், அவசரமாக டை கட்டிக்கொண்டு. அவள் கேட்டதற்கு, சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்றான். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"வெயில் மூஞ்சிலயே அடிக்குதுங்க. கட்டிலக் கொஞ்சம் திருப்பிப் போட்டுட்டுப் போறீங்களா?"