பசை காயும் வரை

வெள்ளையடிப்பதற்காகப் பள்ளி ஆய்வகச் சுவரில் இருந்த இரண்டு சார்ட்டுகளையும் கழற்றி மேசைமேல் வைத்திருந்தார்கள். ஒரு பொருளை வடிவமைக்கும் வழியைச் சொல்லும் சார்ட்டுகள் அவை. ஒன்று அந்த வழியைப் படிக்கட்டாகக் காட்டியது, மற்றது வட்டமாக. திரும்ப மாட்டும்போது ஒன்றுக்குத்தான் இடம்.

“போன வருஷம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் என்னைப் பார்த்துத்தான் பாலம் கட்டினார்கள். யோசி, வரை, செய், சோதி என்று படிப்படியாக ஏறினார்கள்” என்றது படிக்கட்டு.

“பாலம் உடைந்ததும் முதலில் இருந்து ஆரம்பித்தார்களே, அது என் வழி” என்றது வட்டம்.

அலமாரிமேல் தூசி படிந்து நின்ற அந்த ஐஸ் குச்சிப் பாலத்திடமே நியாயம் கேட்டன.

“எடுத்த எடுப்பிலேயே குச்சிகளை ஒட்டினார்கள். உடைந்தேன், சிரித்தார்கள், மறுபடி ஒட்டினார்கள். நான் நின்ற பிறகுதான் என்னைப் பார்த்து வரைபடமே வரைந்தார்கள்” என்றது பாலம்.

படிக்கட்டுக்கு முகம் வாடியது. “அவ்வளவு நேரம் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்களே?”

“பசை காய வேண்டாமா? கையை எடுத்தால் சரிந்துவிடுவேன். என்னைப் பிடித்துக்கொண்டே சுவரைப் பார்ப்பார்கள்.”

 வட்டம் மெதுவாகக் கேட்டது: “பசை காய நேரமாகுமோ?”

“அது மழைக்காலம்” என்றது பாலம். “ரொம்ப நேரம் ஆனது.”