வாகீசன் கேட்ட ஒலி

"றேடியோ என்ர. அப்ப போட்டிப் பட்டியலை என்ர பேரிலயே அனுப்புவம்," என்றான் வாகீசன்.

நிலக்சனா ஹெட்போனைக் கழற்றவில்லை. மோர்ஸ் தந்திக்குறியால் கூடுதல் பேரோடு தொடர்புகொள்ளும் றேடியோப் போட்டி முடிய இன்னும் பத்து நிமிடம் இருந்தது.

நேற்றுப் பின்னேரத்திலிருந்து, சாப்பாட்டையும் மேசையிலேயே வைத்துக்கொண்டு, நெடுந்தீவிலிருந்து உலகத்தைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஆயிரத்துக்கு மேல் பதில் வந்திருந்தது. கைபேசியில் ஓடிய புள்ளிப் பட்டியலில், முதலிடத்துக்கு இன்னும் ஆறு பேர்தான் வேண்டியிருந்தது.

"கேட்டு எழுதினது நான் அண்ணை."

பெரியப்பாவின் மகனான வாகீசன் சிரித்தான். கனடாவிலிருந்து அந்த றேடியோவைக் கொண்டுவந்தவன் அவன்தான்.

"உந்த பில்டர் இரைச்சல் எல்லாத்தையும் வெட்டிப்போட்டு ஒருத்தன்ர சத்தத்தை மட்டும் தரும். ஆர் இருந்தாலும் வெல்லலாம். நீ சும்மா கதிரையில இருந்தனி."

அவளுக்குக் காதுமடல் சுட்டது.

அந்த பில்டரை அவள் முதல் நாளே அகலத் திறந்துவிட்டிருந்தாள். பத்துப் பேர் ஒரே நேரத்தில், ஆளுக்கொரு சுருதியில் கூப்பிடுவார்கள். இரைச்சலோடு இரைச்சலாகக் கிடந்த அவர்களை ஒவ்வொருவராகப் பிரித்தெடுத்தது அவள் காது.

ஹெட்போனைக் கழற்றி அவன் கையில் திணித்தாள்.

"அப்ப நீங்களே இருங்கோ."

வாகீசன் பில்டரை இறுக்கினான், இனி இறுக்க ஏலாது என்ற அளவுக்கு. கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். முகம் மலர்ந்தது. மோர்ஸ் விசையைத் தட்டினான், கேட்டான், மறுபடி தட்டினான்.

அவள் சுவரோடு சாய்ந்து, பல்லைக் கடித்தபடி மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுடைய தொடர்புப் பட்டியலில் ஒரு பெயரும் ஏறவில்லை.

சரியாக ஐந்தரைக்கு அவன் எழுந்தான்.

"கண்ணாடி மாதிரிக் கேக்குது. ஒருத்தன் கடைசிவரைக்கும் விடாமல் கூப்பிட்டவன். ஆரெண்டுதான் பிடிபடேல்லை."

அவள் ஹெட்போனை ஒரு காதில் வைத்துப் பார்த்தாள். போட்டி முடிந்தும் அந்த ஒருத்தன் இன்னும் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தான்.

அவ்வளவு இறுக்கினால் வெறும் இரைச்சலே மணிபோல ஒலிக்கும். அங்கே ஆளில்லை.

பில்டரை முழுதாகத் திறந்தாள். ஒரு மயிரிழை தள்ளிய சுருதியில் நின்று கூப்பிட்டிருக்கக்கூடியவர்கள் எல்லோரும் போய்விட்டிருந்தார்கள்.

"என்ன, ஆளைப் பிடிச்சிட்டியோ?" என்றான் வாகீசன்.

"ஓம் அண்ணை," என்றாள்.

ஆறு பேர் குறைந்த அந்தப் பட்டியலைக் கைபேசியில் எடுத்து, பெயர் கேட்ட இடத்தில் வாகீசன் என்று அடித்து, அனுப்பிவைத்தாள்.