டர்போவுக்கு ஒரு நற்சான்று

"கண்ணை மூடிக்கிட்டுக் கேளுங்க தம்பி" என்றார் ஓய்வுபெற்ற தலைமைப் பொறியாளர்.

மெக்கானிக் மூடிக்கொண்டான்.

அவர் காருக்குள் உட்கார்ந்து ஆக்ஸிலரேட்டரை மிதித்தார். திறந்திருந்த பானெட்டிலிருந்து ஒரு விசில் கிளம்பி, பட்டறையின் தகரக் கூரை வரை ஏறி, பெருமூச்சாக இறங்கியது.

"எப்படி?"

"நல்லாவே கேக்குது சார்."

அவர் இறங்கி வந்தார். பக்கத்து வீட்டுப் பல் டாக்டரிடமும் இதே வண்டி இருக்கிறதாம். அதே மாடல், அதே இன்ஜின், அதே டர்போ. ஆனால் ஊமை. இது மட்டும் ஏன் பாடுகிறது?

கேள்வியைக் கேட்டவரே பதிலையும் வைத்திருந்தார். முப்பது வருடம் பாலம் கட்டியவர் அவர். பாலங்களில் டர்போ கிடையாது. அதனால் டர்போவைப் பற்றி ஒரு கொள்கை வகுப்பதில் அவருக்கு எந்தத் தடையும் இருக்கவில்லை.

வண்டி ஓட்டுபவரின் காலைப் படிக்கிறது என்பதுதான் கொள்கை. நல்ல கால் அமைந்தால் இன்ஜின் வாயைத் திறக்கும்.

இரண்டு மாதமாக லிஃப்டிலும் நடைப்பயிற்சியிலும் சங்கக் கூட்டத்திலும் இதை விளக்கி வந்தார். தினமும் ஊரார் வாயைப் பார்த்துப் பழகிய பல் டாக்டர், எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, நேற்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

"லீக்கா இருக்கும்."

அதனால்தான் வந்திருக்கிறார். லீக் இல்லை, இது உயர்ந்த ரக இன்ஜினின் இயல்பான ஒலி என்று லெட்டர்பேடில் எழுதி, கையெழுத்தும் சீலும் வைத்துத் தர வேண்டும். கம்பெனி சர்வீஸில் எழுத்துமூலம் எதுவும் தர மாட்டோம் என்று கைவிரித்துவிட்டார்கள். இந்தப் பட்டறையைச் சொன்னது அவருடைய மகள்.

மகள் அவரிடம் சொல்லாத ஒன்றும் இருந்தது. அவளும் இந்த மெக்கானிக்கும் கல்யாணம் செய்துகொள்வதென்று முடிவெடுத்து ஒன்றரை வருடம் ஆகிறது.

முதலில் அப்பா உன்னைப் பார்க்கட்டும், மதிக்கட்டும், அப்புறம் நான் பேசிக்கொள்கிறேன் என்று அவள் சொல்லியிருந்தாள். பார்க்க வைப்பதுதான் நடக்கவில்லை. கம்பெனி சர்வீஸைத் தவிர வேறு எவன் கையும் தன் காரில் படக் கூடாது என்பவர் அவர்.

இப்போது அவராகவே வந்து, தம்பி என்று கூப்பிட்டுக்கொண்டு, எதிரே நிற்கிறார்.

மெக்கானிக் குனிந்து பார்த்தான். டர்போ அழுத்தித் தள்ளும் காற்றை இன்ஜினுக்குக் கொண்டுபோகிற ரப்பர் குழாய். அதை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் தளர்ந்திருந்தது. கையை அருகே வைத்தான். காற்று உள்ளங்கையில் அடித்தது.

பல் டாக்டர் சொன்னது சரி என்று சொல்லிவிடலாம். கல்யாணம் அங்கேயே முடிந்துவிடும், நடக்காமலே.

அவர் கேட்டதை எழுதிக் கொடுக்கலாம். கசியும் காற்றை ஈடுகட்ட ஓயாமல் சுற்றி, சில மாதத்தில் டர்போ படுத்துவிடும். அன்றைக்கு அந்தச் சீலில் இவன் பெயர் இருக்கும்.

துணியில் கையைத் துடைத்துக்கொண்டான். தேவைக்கு மேல் சற்று நேரம் துடைத்தான்.

"சத்தத்துல ஒரு குறையும் இல்ல சார். எனக்கு ஒரே ஒரு வருத்தம்தான்."

"என்ன?"

"இவ்வளவு காத்தும் ரோட்டுல போறவன் கேக்கறதுக்கே செலவாகுது. உங்களுக்குன்னு மிச்சம் இல்ல."

அவர் நெற்றியைச் சுருக்கினார்.

"சில இன்ஜின்ல காத்துப்பெட்டி சின்னது சார். சத்தம் வெளிய வந்தே தீரும். உங்களோடது பெரிய பெட்டி. எல்லாத்தையும் உள்ளுக்குள்ளயே வெச்சுக்கற ரகம்."

பெரிய பெட்டி என்ற சொல் அவருக்குள் இறங்கி வேலை செய்வதை அவன் பார்த்தான். பல் டாக்டரின் வண்டியிலும் அதே பெட்டிதான் என்பதை விளக்குவதற்கு அது நேரமில்லை.

"வெச்சுக்கிட்டா?"

"ஒரு தடவை மேம்பாலத்துல ஏத்திப் பாருங்க."

ஸ்க்ரூடிரைவரில் நாலு சுற்று. அவ்வளவுதான் வேலை.

அவர் மேம்பாலம் ஏறி இறங்கி, சத்தமில்லாமல் வந்து நின்றார். பதவி உயர்வு வந்த முகம். மேடேறும்போது சீட் முதுகைப் பிடித்துத் தள்ளியதாம்.

"தம்பி, ஒண்ணு கவனிச்சீங்களா? இந்தச் சத்தம் போடற வண்டிங்க இருக்கே, உள்ள சரக்கு இல்லாததுங்க."

"நான் அந்த அளவுக்கு யோசிக்கல சார்."

"எழுதுங்க. இந்த வண்டியில் எவ்விதச் சத்தமும் எழுவதில்லை."

மெக்கானிக் எழுதினான். ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. பட்டறை தொடங்கிய நாளில் அடித்த லெட்டர்பேடின் முதல் தாள் அது. சீலை இரண்டு முறை குத்தினான்.

அவர் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாங்க. டாக்டரையும் கூப்பிடறேன். விஷயம் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் எடுத்துச் சொன்னாத்தான் அவருக்கு ஏறும்."

கார் தெருமுனை திரும்பியதும் அவன் போனை எடுத்தான்.

"உங்கப்பா என்னை வீட்டுக்குக் கூப்பிட்டிருக்காரு."

மறுமுனையில் அவள் முதலில் கேட்டது வேறு.

"கிளாம்ப்பை நல்லா டைட் பண்ணிட்டியா?"

கிளாம்ப்பைப் பற்றி அவன் இன்னும் வாயே திறக்கவில்லை.

"மறுநாளே பயந்துபோய் எங்கயாவது காட்டணும்பாரு, உன்கிட்ட அனுப்பிடலாம்னுதான் லூஸ் பண்ணேன்" என்றாள் அவள். "ரெண்டு மாசம் ஊரையே கூப்பிட்டு உக்கார வெச்சுக் கேக்க வைப்பாருன்னு நான் கண்டேனா?"